மிச்சமான தகடு

முக்கோணத்தைப் பார்த்து வை என்கிறான் சவரி. ப்ராசஸரின் ஒரு மூலையில் தங்க நிறத்தில் பொடியாக ஒரு முக்கோணம், அது உட்கார வேண்டிய சட்டத்தின் ஒரு மூலையிலும் ஒரு முக்கோணம், இரண்டும் ஒரே பக்கம் வர வேண்டும், அழுத்தவே கூடாது, சரியாக வைத்தால் தானாக இறங்கிவிடும். அவன் இடது கையில் இருக்கும் போனில் வீடியோக்காரர் இதை ஒரு முறை சொல்லிவிட்டார். அதை நிறுத்திவிட்டு சவரி இரண்டு முறை சொல்லிவிட்டான். பாதி பிஸ்கட் அளவுதான் இருக்கிறது சாமான். அடியில் ஆயிரத்துச் சொச்சம் ஊசிகள், சீப்புப் பல்லைவிட மெல்லியவை, ஒன்று வளைந்தாலும் கடையில் திருப்பி எடுக்கமாட்டார்கள் என்று அவன் மகள் பிரிசில்லா கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து காலையிலேயே எச்சரித்துவிட்டாள். "தில்லை மாமா, கை நடுங்காம வைங்க." நடுங்கவில்லை. துணை மின் நிலையத்தில் பதினோராயிரம் வோல்ட் பிரேக்கரின் கைப்பிடியை இருபத்தாறு வருஷம் திருகிய கை, இதற்கா நடுங்கும். "எர்த் தொட்டியா?" என்கிறான். ஒவ்வொரு சாமானையும் எடுப்பதற்கு முன் ஜன்னல் கம்பியைத் தொட வேண்டும், உடம்பில் இருக்கும் மின்சாரம் போர்டுக்குள் இறங்கிவிடக் கூடாது. வீடியோவில் அது வந்தபோது சவரி சிரித்தான். "பாத்தியா மாப்ள, இவங்களுக்கும் எர்த்து இருக்கு." மரச் சட்டத்தில் அறைந்த கம்பி, அது பூமிக்குப் போகவில்லை என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனாலும் தொடுகிறேன். மாசி மாத மத்தியான வெயிலில் கம்பி சுடுகிறது. ப்ராசஸர் சத்தமில்லாமல் இறங்கி உட்கார்ந்தது. சட்டத்தின் பக்கத்தில் இருந்த சின்னக் கம்பியை மடக்கிக் கொக்கிக்குள் தள்ளினேன். இவ்வளவுதானா என்று தோன்றியது. சரியாக நடந்த எதற்கும் சத்தம் இருப்பதில்லை.

"நான் சரியாத்தானே சொன்னேன்?" என்கிறான். இதைக் காலையிலிருந்து எத்தனை தடவை கேட்டுவிட்டான். கேபினெட்டின் பக்கக் கதவு எந்தப் பக்கம் கழலும் என்று சொல்லிவிட்டுக் கேட்டான், மதர்போர்டை அதன் அட்டைப்பெட்டி மேலேயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டுக் கேட்டான். சரியாத்தான் சொன்ன என்கிறேன். அப்போதும் வீடியோவைப் பின்னால் தள்ளி ஒரு முறை பார்த்துக்கொள்கிறான். இவன் இப்படிப்பட்ட ஆளே இல்லை. கம்பத்து உச்சியில் நின்றுகொண்டு கீழே இருப்பவர்களை ஊருக்கே கேட்கிற மாதிரித் திட்டுவான், ஒயர்மேன் வேலையில் இவன் சொன்னால் இன்ஜினியரே இரண்டாம் பேச்சுப் பேசமாட்டார். இப்போது கேஸ் அடுப்பை மூடியாயிற்றா என்று மூன்று முறை எழுந்துபோய்ப் பார்க்கிறான். மாத்திரை போட்டதைக் காலண்டரில் புள்ளி வைத்துக்கொள்கிறான், பிறகு அந்தப் புள்ளி நேற்று வைத்ததோ என்று சந்தேகப்படுகிறான். வெளியே போகும்போது சாவியை மனைவி ஸ்டெல்லாவிடம் கொடுத்துவிடுகிறான். "பூட்டுறது என் வேலை, இழுத்துப் பாக்குறது அவரு வேலை, தெருமுனை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து இழுப்பாரு" என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டரைக் கடையிலேயே பூட்டிக் கொடுத்திருப்பார்கள், இல்லையென்றால் பழையது ஒன்று வாங்கியிருக்கலாம் என்பது அவள் கட்சி. இவன்தான் கேட்கவில்லை. பிரிசில்லாவை வைத்து ஒவ்வொரு சாமானாக, இருப்பதில் எது மலிவு, எது எதோடு சேரும் என்று ஒரு மாதம் பார்த்துப் பட்டியல் போட்டான், போட்ட பட்டியலை நம்பாமல் இன்னொரு மாதம் சரிபார்த்தான். வியாழக்கிழமை எனக்குப் போன். "கையால ஒரு பொருள் செஞ்சு ஆறு வருஷமாச்சுடா. சனிக்கெழம உன் ரெண்டையும் கடனா குடு. நான் வாயி, நீ கை." வர முடியாது என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன். அவன் வலது சட்டைக் கை முழங்கைக்குக் கீழே மடித்து ஊக்குப் போட்டிருக்கும் என்பது நினைவுக்கு வந்ததும் கிடைத்த காரணமும் போய்விட்டது.

ரேம் இரண்டு பக்கமும் கிளிக் என்று சத்தம் வரும் வரை அழுத்த வேண்டும். இங்கே மட்டும் அழுத்தலாமாம். அழுத்தினேன், போர்டு வளைந்தது, நிறுத்தினேன். "அமுக்குடா, ஒண்ணும் ஆகாது" என்றவன் உடனே, "ஆகாதுதானே? இரு, பாத்துக்குறேன்" என்று போனைத் தடவினான். இந்தக் கம்ப்யூட்டரில் முதலில் என்ன செய்யப்போகிறாய் என்று சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன், கேட்டிருக்க வேண்டாம். லெட்டர் அடிக்கப் போகிறானாம். அவனுக்குக் கட்டுப்பாட்டு அறையில் உதவியாளர் இடம் வந்திருக்கிறது, ஆறு வருஷம் வாசல் ஸ்டூலில் உட்கார வைத்திருந்தவர்களுக்கு இப்போதுதான் மனசு வந்திருக்கிறது. போன் எடுப்பது, பதிவேட்டில் எழுதுவது, இடது கை போதும். ஆபீஸில் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு அது சந்தோஷமா பயமா என்று நானே இன்னும் முடிவு செய்யவில்லை. அவன் வேண்டாம் என்று எழுதப்போகிறான். திங்கட்கிழமைக்குள் கொடுக்க வேண்டும், கையால் எழுதினால் இடது கைக் கிறுக்கல், அதனால் அடித்துக் கொடுக்கப்போகிறான். "ஏன்டா வேணாங்கற?" "எல்.சி. நம்பர் எழுதுற வேலைடா அது. என் தலைய நம்பி இன்னொருத்தன் கம்பத்துல ஏறணுமா? கம்பத்து மேல நின்னுக்கிட்டே லைன திருப்பிக் குடுத்தவன் நான். குடுத்தது ஞாபகம்கூட இல்லாதவன். அந்தச் சேர்ல என்னை உக்கார வச்சா அது பாவம்." ரேம் ஒரு பக்கம் கிளிக் என்றது. இன்னொரு பக்கம் என் கட்டைவிரல் அழுத்திக்கொண்டே இருந்தது, நகம் வெளுத்துப்போயிருந்தது, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், கிளிக் என்றது.

எல்.சி. என்றால் லைன் கிளியர். கம்பத்தில் ஏறப்போகிறவன் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்து கேட்பான். அங்கே உட்கார்ந்திருக்கும் ஆள் அந்த லைனில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஒரு எண் கொடுப்பான். வேலை முடித்து, லைனைப் பூமியோடு இணைக்க மாட்டிய எர்த் ராடைக் கழற்றி, எல்லாரும் இறங்கின பிறகு வாங்கியவனே அந்த எண்ணைச் சொல்லித் திருப்பித் தர வேண்டும். அவன் திருப்பித் தரும் வரை லைனை சார்ஜ் பண்ணக் கூடாது, கலெக்டர் வீட்டில் இருட்டாக இருந்தாலும் கூடாது. ஒரு எல்.சி.க்கு ஒரு தகடு, சிவப்பு அடித்த தகரம், வெள்ளையில் 'ஆட்கள் வேலையில்' என்று எழுதியிருக்கும், பிரேக்கர் கைப்பிடியில் மாட்டிவிட வேண்டும். இரண்டு எல்.சி. என்றால் இரண்டு தகடு. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் புரிகிற ஏற்பாடு. அன்று மேலக்காடு லைனில் இரண்டு எல்.சி. இருந்தது. நூற்றுப் பதினான்கு, கிளை வெட்டுகிற கூட்டத்துக்கு. நூற்றுப் பதினேழு, சவரிமுத்துவுக்கு. மூன்று இருபதுக்கு நூற்றுப் பதினான்கு திரும்பியது. நான் கைப்பிடியிலிருந்து தகட்டைக் கழற்றினேன், வேறு தகடு இல்லை, சார்ஜ் பண்ணினேன். வேலையை முடித்துவிட்ட சவரி அந்த நேரத்தில் கம்பத்தில் எர்த் ராடைக் கழற்றிக்கொண்டிருந்தான். கூட இருந்த உதவியாள் டீ வாங்கப் போயிருந்தான். ஷார்ட் ஆகிப் பிரேக்கர் தானாக விழுந்தது. விழுந்த சத்தத்தில்தான் எனக்கு நூற்றுப் பதினேழு என்ற எண் வந்தது. எண்தான் முதலில் வந்தது, ஆள் பிறகுதான் வந்தான். பதிவேட்டை இழுத்து நூற்றுப் பதினேழுக்கு நேரே 'திரும்பியது 3.20, போன் மூலம்' என்று எழுதினேன். எழுதிவிட்டுத்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினேன். இந்த வரிசையை நான் யாரிடமும் சொன்னதில்லை. விசாரணைக்கு வந்தவர்கள் கேட்கவுமில்லை. எந்தப் போனிலிருந்து பேசினான், பேசியதற்குப் போன் கம்பெனியில் கணக்கு இருக்குமே என்றுகூட ஒருவருக்கும் தோன்றவில்லை. அவனே ஒத்துக்கொண்ட பிறகு யாருக்குத் தோன்றும்.

அவன் ஒத்துக்கொண்டது என்னால். போர்டை இப்போது கேபினெட்டுக்குள் இறக்க வேண்டும், அடியில் பித்தளைக் கால்கள் இருக்கின்றனவா என்று எண்ணச் சொல்கிறான், கால் இல்லாமல் வைத்தால் போர்டின் முதுகு தகரத்தில் பட்டு ஷார்ட் ஆகிவிடும். "ஷார்ட்" என்று சொல்லும்போது அவன் குரல் மாறுகிறதா என்று கேட்டுக்கொண்டே எண்ணுகிறேன். மாறவில்லை. ஆறு. போர்டில் ஓட்டை எத்தனை, ஆறு. நான் சரியாத்தானே சொன்னேன். சரியாத்தான் சொன்ன. ஆஸ்பத்திரியில் பதினோராம் நாள் அவனுக்கு நினைவு தெளிந்தது. கையை எடுத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஸ்டெல்லா ஆர்லிக்ஸ் கரைக்கத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். அவன் உதடெல்லாம் வெடித்திருந்தது, குனிந்தால்தான் கேட்டது. "தில்லை, எனக்கு ஒண்ணுமே ஞாபகமில்லடா. மத்தியானம் ஏறுனது தெரியுது. அப்புறம் வெள்ளையா இருக்கு. நான் போன் பண்ணேனா?" பண்ணியே என்றேன். அவ்வளவுதான். ஒரு வார்த்தை. பொய் சொல்கிறவன் அதற்கு ஒரு கதை கட்ட வேண்டும் என்று நினைத்திருந்தேன், தேவைப்படவில்லை, மிச்சக் கதையை அவனே கட்டிக்கொண்டான். அவசரமாக இருந்திருக்கும், சீக்கிரம் இறங்கலாம் என்று மேலிருந்தே போன் பண்ணியிருப்பேன், அப்புறம்தான் ராடு ஞாபகம் வந்திருக்கும், மழை வர்ற மாதிரி இருந்துச்சுல்ல, ஆமா, அதுனாலதான். விசாரணையில் அதையே சொன்னான். கூடவே, "தில்லைநாயகம் மேல ஒரு தப்பும் இல்ல சார், அவன் நம்பர் கேக்காம குடுக்கவே மாட்டான்" என்று சொன்னானாம். எனக்கு எச்சரிக்கைக் கடிதம்கூட வரவில்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்று நான் என்னையே கேட்டுப் பார்த்ததுண்டு. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, வேலை போய்விடும், ஜெயில்கூட இருக்கும், எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்திருந்தபோது அதெல்லாம் என் தலையில் இல்லை. அவன் கேட்ட கேள்வியிலேயே எனக்கு ஒரு வழி இருந்தது, நான் நுழைந்துவிட்டேன். பயம்தான். இதைவிடக் கௌரவமான காரணம் ஒன்றும் என்னிடம் இல்லை.

ஆறு திருகாணியையும் முடுக்கியாயிற்று. கடைசித் திருகாணி கைதவறி உள்ளே விழுந்தது. கேபினெட்டோடு தூக்கிக் குலுக்கி எடுத்தேன். "இதுக்கே உன்னை சஸ்பெண்ட் பண்ணணும்" என்று சவரி சிரித்தான். நானும் சிரித்தேன். ஸ்டெல்லா மோர் கொண்டுவந்து வைத்தாள், பெருங்காயமும் கருவேப்பிலையும் மிதந்தது. "அண்ணே, இவருகூட ஒக்காந்து இவ்வளவு நேரம் பொறுமையா இருக்கீங்களே, உங்களுக்குக் கோயில் கட்டணும்" என்றாள். மோரைக் குடிக்க முடியவில்லை, மேசையின் ஓரத்துக்கு நகர்த்தி வைத்தேன். "மாப்ள," என்றான் சவரி. குரல் இறங்கியிருந்தது. "ஒரு தகடு மிச்சம் இருக்கு." மோர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் மதர்போர்டின் காலிப் பெட்டியைக் கவிழ்த்து, உள்ளேயிருந்து பளபளவென்று ஒரு மெல்லிய தகட்டை எடுத்து வைத்திருந்தான், நீளமாக, சதுர ஓட்டைகளும் வட்ட ஓட்டைகளுமாக. கேபினெட்டின் பின்பக்கம் ஒயர் சொருகும் இடத்தைச் சுற்றி மாட்டுகிற தகடு. அதை முதலில் மாட்டிவிட்டுத்தான் போர்டை இறக்க வேண்டுமாம். முதல் தடவை செய்கிறவர்கள் எல்லாரும் இதைத்தான் மறப்பார்கள் என்று வீடியோக்காரர் ஆறுதலாகச் சொல்கிறார், அதை மறந்த பிறகுதான் அந்த இடம் வருகிறது. "நான் பாத்துச் சொல்லிருக்கணும். மேசை மேலயேதான் இருந்துச்சு பெட்டி. என் கண்ணு முன்னாலயே இருந்துச்சு. எனக்குத் தோணல பாரு." அவன் முகம் சுருங்கிவிட்டது. தகட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். பரவால்லடா, கழட்டி மாட்டுவோம் என்றேன், ஆறு திருகாணிதானே. ஆனால் நான் வேறு தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கும் மோர். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டிலிருந்து கொண்டுபோன மோரை டம்ளரில் ஊற்றி வைத்திருந்தேன், ஈ மொய்த்தது, கட்டுப்பாட்டு அறைக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை, எப்போதும் ஈ. சவரியின் போன் வந்தது. நூற்றுப் பதினேழு என்று எண் கொடுத்தேன், பதிவேட்டில் எழுதினேன், இரண்டாவது தகட்டை ஆணியிலிருந்து எடுத்தேன், கைப்பிடிக்குப் போகும் முன் டம்ளரில் ஒரு ஈ உட்காருவதைப் பார்த்தேன். தகட்டை டம்ளர் மேல் வைத்தேன். ஒரு நிமிஷத்துக்கு, சோற்றை எடுத்து வைக்கும் வரைக்கும். அதற்குள் வேறு போன் வந்தது, அப்புறம் இன்னொன்று, அப்புறம் சாப்பிட்டேன். மோரைக் குடித்துவிட்டுக் காலி டம்ளரை மறுபடி அதே தகட்டால் மூடி ஓரமாக வைத்தேன். மூன்று இருபதுக்குக் கைப்பிடியில் ஒரே தகடுதான் தொங்கியது. 'ஆட்கள் வேலையில்' என்று என் மேசை மேல், காலி டம்ளர் மேல், மேல் பக்கமாக எழுத்துத் தெரிய இருந்தது. என் கண் முன்னாலேயே இருந்தது.

கழற்றித் தகட்டை மாட்டி மறுபடி போர்டை இறக்கினேன். தகட்டின் விளிம்பு கத்தி மாதிரி இருந்தது, சுண்டு விரலில் கீறி ரத்தம் வந்தது, அவன் பதறிப்போய் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டான். ஒரு சொட்டு ரத்தம், அதற்கு இவன் பதறுகிறான். சட்டையில் துடைத்துக்கொண்டேன். இப்போது எஸ்.எம்.பி.எஸ்., இதுதான் வீட்டு மின்சாரத்தை வாங்கி உள்ளே எல்லாவற்றுக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டி, இதிலிருந்து வருகிற ஒயர்களைப் பார்த்தால் கோழியின் குடலை உருவிப் போட்ட மாதிரி இருக்கிறது. பெட்டியின் முதுகில் ஒரு சின்ன சுவிட்ச். அதை எப்போது அணைத்தேன் என்று எனக்குத் தெரியாது, பெட்டியைத் தொட்டதும் கை தானாக அணைத்திருக்கும், லைனில் கை வைக்கும் முன் இரண்டு இடத்தில் துண்டிப்பது எங்கள் பழக்கம், பிரேக்கர் ஒன்று, அதற்குப் பின்னால் ஐசோலேட்டர் ஒன்று. பெரிய ஒயர் போர்டுக்கு, எட்டுக் கால் ஒயர் ப்ராசஸருக்கு, தட்டையான ஒயர் வேறெதற்கோ, இதில் வேண்டாம். கேபினெட் முகப்பிலிருந்து வரும் நூல் நூலான ஒயர்கள்தான் உயிரை எடுத்தன. அரிசி அளவு முனை, அதைவிடச் சின்ன எழுத்து. சவரி பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு படிக்கிறான், நான் சொருகுகிறேன், எங்கள் இருவர் தலையும் முட்டிக்கொள்கிற தூரத்தில் இருந்தன. அவனிடமிருந்து தேங்காய் எண்ணெய் வாசனையும் விபத்துக்குப் பிறகு போட்டுக்கொள்கிற களிம்பின் வாசனையும் வந்தது. சொல்லிவிடலாம். இந்தத் தூரத்தில் மெதுவாகச் சொன்னால் போதும், சமையலறைக்குக் கேட்காது. ஆஸ்பத்திரியிலும் இதே தூரம்தான். சொன்னால் இவன் என்ன செய்வான்? அடிப்பானா? இடது கையால் அடித்தால் வலிக்குமா என்று யோசிக்கிறேன், என்ன புத்தி இது. சொல்லாவிட்டால் திங்கட்கிழமை அந்த லெட்டர் போகும். என் மூளையை நான் நம்பவில்லை என்று அழகான எழுத்தில் அடித்து, கீழே இடது கையால் ஒரு கோணல் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பான். அதை அடிக்கிற மெஷினை நான் பூட்டிக் கொடுத்திருப்பேன். கை மட்டுமா போயிற்று இவனுக்கு. கையை மின்சாரம் எடுத்தது, அது ஒரு வினாடி. மிச்சத்தை நான் ஆறு வருஷமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன், ஒவ்வொரு தடவை அவன் அடுப்பைப் போய்ப் பார்க்கும்போதும்.

"ரெடியா?" என்றான். டி.வி.யை ஒயர் போட்டு இணைத்தாயிற்று, மானிட்டர் அடுத்த மாதம். கீபோர்டை அவன் இடது பக்கம் வைத்துக்கொண்டான். சுவரில் பிளக்கைச் சொருகி, அங்கிருந்த சுவிட்சைப் போட்டேன். "நீயே போடு" என்றேன். "இல்லடா, நீ போடு. நான் போட்டு ஏதாவது ஆச்சுன்னா?" முன்பக்கப் பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் இல்லை. விளக்கு இல்லை, விசிறி இல்லை. மறுபடி அழுத்தினேன். கூடத்தில் சீலிங் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. சவரி போனைக் கீழே வைத்தான். "நான்தான் ஏதோ தப்பாச் சொல்லிட்டேன்" என்றான். "இருடா, பாப்போம்." "இல்ல, அந்தக் குட்டி ஒயரு. நான்தான் மாத்திப் படிச்சிருப்பேன். இல்லன்னா ரேம்ல அமுக்கச் சொன்னேன் பாரு, அப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. போர்டு போயிருக்கும். எல்லாத்தையும் கெடுத்துட்டேன். புள்ள படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்புனா." சமையலறையிலிருந்து ஸ்டெல்லா, "என்னாச்சு?" என்றாள். "ஒண்ணுமில்ல, என்னாலதான், நான் சொன்னதுல தப்பு" என்று அவன் அங்கே பார்த்துச் சொன்னான். கேபினெட்டின் பின்னால் போயிருந்த என் விரலில் அந்தச் சின்ன சுவிட்ச் தட்டுப்பட்டது. அணைந்தே இருந்தது. நான் அணைத்தது, நான் போட மறந்தது. அவன் வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான். விரலை ஒரு நெல் அளவு அசைத்தால் போதும். ரேமைக் கழற்றி மாட்டுகிற மாதிரி ஒரு பாவனை செய்யலாம், பொத்தானை அழுத்தலாம், விசிறி சுற்றும், சரியாயிருச்சுடா என்று தோளில் தட்டலாம். என்ன தப்பு என்று அவனுக்குத் தெரியாது. அவன் சொன்னதில் ஏதோ ஒன்று என்று அவனே கட்டிக்கொள்வான். எவ்வளவு சுலபம். ஒரு வார்த்தைகூட வேண்டாம் இந்தத் தடவை.

"சவரி, பின்னாடி சுவிட்சு" என்றேன். "ஆஃப்ல இருக்கு. நான்தான் ஆஃப் பண்ணேன். போட மறந்துட்டேன்."

அவன் எழுந்து வந்து எட்டிப் பார்த்தான். "அடப்பாவி, ஐசோலேட்டர மூடாம பிரேக்கர போட்ருக்கியே. இருபத்தாறு வருஷம் என்னடா புடுங்குன அங்க?" வாய்விட்டுச் சிரித்தான், இருமல் வந்துவிட்டது, மறுபடி சிரித்தான். அப்புறம் கேட்டான். "அப்ப நான் சொன்னதெல்லாம் சரிதானா? குட்டி ஒயரு, ரேமு, எல்லாம்?" எல்லாம் சரி என்றேன். "ஒண்ணுகூடத் தப்பில்லையா?" ஒண்ணுகூட இல்லை. அவன் முகத்தில் ஒன்று வந்தது, கம்பத்து உச்சியில் இருக்கிறவனின் முகம், ஆறு வருஷத்துக்கு முன்னால் கடைசியாகப் பார்த்தது. அதை நேராகப் பார்க்க முடியவில்லை. கை இன்னும் கேபினெட்டின் பின்னால்தான் இருந்தது.

"அன்னைக்கும் இல்ல" என்றேன்.

"என்னைக்கு?"

"நீ போன் பண்ணல சவரி. நூத்திப் பதினேழு திரும்பவே இல்ல. உன் தகட்ட நான் மாட்டல. பதினாலு திரும்பினதும் போட்டுட்டேன். அப்புறம் எழுதிக்கிட்டேன்."

சீலிங் ஃபேன் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை முனகியது. அவன் நின்றுகொண்டே இருந்தான். ஊக்குப் போட்ட சட்டைக் கையை இடது கையால் பிடித்துக்கொண்டான்.

"தகடு எங்க இருந்துச்சு?"

"மோர் டம்ளர் மேல."

மேசை ஓரத்தில் ஸ்டெல்லா வைத்த மோரை அவன் ஒரு முறை பார்த்தான். நீர் பிரிந்து தெளிந்திருந்தது.

"எத்தன மணின்னு எழுதுன?"

"மூணு இருபது."

"நான் எங்க இருந்தேன் அப்ப?"

"மேல."

அவன் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தான். என்னைப் பார்த்துப் பேசவில்லை, டி.வி.யின் கறுப்புத் திரையைப் பார்த்துப் பேசினான். "ஆறு வருஷமா அந்தப் போனத் தேடுறேன்டா. படுத்தா அதான். எந்தக் கைல எடுத்தேன், என்ன சொன்னேன், நீ என்ன சொன்ன. ஒண்ணும் வராது. எனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சுன்னு நெனச்சேன். நடக்காதது எப்படிடா ஞாபகம் வரும்?"

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். "பேசாத" என்றான்.

"ஆன் ஆயிருச்சா?" என்று உள்ளேயிருந்து ஸ்டெல்லா கேட்டாள்.

அவன் முன்னால் நகர்ந்து இடது ஆட்காட்டி விரலைப் பொத்தானுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். "அந்த சுவிட்சப் போடு" என்றான். போட்டேன். "கைய வெளிய எடு." எடுத்தேன். அப்போதும் அவன் அழுத்தவில்லை. என் வலது கையைப் பார்த்தான், இடது கையைப் பார்த்தான், இரண்டும் கேபினெட்டுக்கு வெளியே, மேசை மேல் இருக்கின்றனவா என்று பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் அழுத்தினான்.